கப்பல் ஏறாத அரிசி விலையை இறக்கின கதை: 2008 அரிசி நெருக்கடி

2007 அக்டோபர்ல தாய்லாந்து அரிசி ஏற்றுமதி விலை டன்னுக்கு 330, 340 டாலர்னு இருந்துச்சு. 2008 ஏப்ரல் கடைசில அங்க நல்ல ரகம் 1,000 டாலரைத் தாண்டிருச்சு. ஏழு மாசம் கூட முழுசா ஆகல, விலை மூணு மடங்கு.

எங்கயோ பெரிய வறட்சி வந்து நெல்லெல்லாம் காஞ்சிருக்கும்னு தான் யாரும் நினைப்போம், நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன், ஆனா கணக்கை எடுத்துப் பாத்தா 2007-08ல உலகம் முழுக்க விளைஞ்ச அரிசி 43 கோடி டன் கிட்ட, அதுக்கு முன்னாடி எந்த வருஷமும் அவ்வளவு விளைஞ்சதில்ல. பங்களாதேஷ்ல நவம்பர் 2007ல சிதர் புயல் அடிச்சு நெல் போனது உண்மைதான், ஆனா உலக விலையை மூணு மடங்காக்குற அளவு சேதம் இல்ல அது. அப்போ விலை எப்படி ஏறுச்சு? ஏறினது கூட பரவால்ல, இறங்கின விதம் தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி, அதுக்குக் கொஞ்சம் பொறுமையா வரணும்.

முதல்ல இந்தச் சந்தையோட சைஸ் புரியணும். உலகத்துல பாதிப் பேர் சோறு சாப்பிடுறாங்க, ஆனா அரிசி நாடு விட்டு நாடு போறது ரொம்பக் கம்மி. கோதுமைன்னா விளையுறதுல அஞ்சுல ஒரு பங்கு எல்லை தாண்டும், அரிசில நூத்துக்கு ஏழு தான் தாண்டும், அப்போதைய கணக்குல வருஷத்துக்கு 3 கோடி டன். விளைஞ்ச ஊர்லயே சாப்பிட்டு முடிச்சுருவாங்க, மிச்சம் மீதி தான் துறைமுகத்துக்கு வரும். அந்த மிச்சத்தையும் விக்கிறது தாய்லாந்து, வியட்நாம், இந்தியா, பாகிஸ்தான், அமெரிக்கான்னு அஞ்சாறு நாடு. குறுகலான சந்து மாதிரி, ரெண்டு வண்டி நின்னாலே வழி அடைபட்டுரும்.

அப்புறம் விலை எங்க முடிவாகுதுங்கிறது. கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் சிகாகோ முன்பேரச் சந்தை இருக்கு, அரிசிக்கு அங்க நடக்குறது சின்ன வியாபாரம், உலக விலைன்னு நாம பேப்பர்ல படிக்கிறது பேங்காக் எக்ஸ்போர்ட்டருங்க சொல்ற விலை, இல்லன்னா ஏதோ ஒரு அரசாங்க டெண்டர்ல விழுந்த விலை. 2008ல ஊக வணிகர்கள் தான் எல்லாத்துக்கும் காரணம்னு ஒரு பெரிய பேச்சு ஓடுச்சு, எண்ணெய்க்கும் கோதுமைக்கும் அது எவ்வளவு பொருந்தும்ங்கிறது தனிச் சண்டை, அரிசிக்கு அது சரியா ஒட்டாது. இங்க பதுக்கினது, கதவைச் சாத்தினது, பதறி வாங்கினது எல்லாம் அரசாங்கங்க தான், பொதுஜனம் அவங்களைப் பாத்துப் பின்னாடி வந்துச்சு.

முதல் கதவு

ஆரம்பிச்சது அரிசில கூட இல்ல, கோதுமைல. ஆஸ்திரேலியால 2006லயும் 2007லயும் வறட்சி, கோதுமை அடிவாங்குச்சு, அமெரிக்கால மக்காச்சோளத்தை எத்தனாலுக்குத் திருப்பிவிட்டுட்டு இருந்தாங்க, எண்ணெய் விலை ஏறிட்டே இருந்துச்சு (2008 ஜூலைல பீப்பாய் 147 டாலர் தொட்டுட்டு தான் நின்னுச்சு). இந்தியாவோட மத்தியத் தொகுப்புல கோதுமை குறைஞ்சு போய் 2006ல 55 லட்சம் டன் கிட்ட இறக்குமதி பண்ண வேண்டியதாச்சு, 2007லயும் வாங்கினாங்க, அதுவும் ஏறின விலைல. ரேஷன்ல கோதுமை பத்தலன்னா அதை அரிசியால தான் ஈடுகட்டணும், அப்போ அரிசியை வெளிய விடக் கூடாது. டெல்லி போட்ட கணக்கு இவ்வளவு தான். 2007 அக்டோபர் 9ஆம் தேதி பாஸ்மதி தவிர மத்த அரிசி ஏற்றுமதிக்குத் தடை.

வியாபாரிங்க கத்தினதும் மாசக் கடைசில தடையை எடுத்துட்டு, டன் 425 டாலருக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு குறைஞ்சபட்ச ஏற்றுமதி விலை வெச்சாங்க. டிசம்பர்ல அது 500, மார்ச்ல 650, மார்ச் முடியுறதுக்குள்ள 1,000. அப்புறம் ஏப்ரல் 1ல இருந்து முழுத் தடை. இதுல கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு தடவையும் டெல்லி அந்த நம்பரை ஏத்தினப்போ பேங்காக்ல உக்காந்திருக்கிற எக்ஸ்போர்ட்டருக்கு அது ஒரு சிக்னல். போட்டிக்கு இருந்த மலிவு விலைக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டான்னு தெரிஞ்சா பக்கத்துக் கடைக்காரன் விலையை ஏத்தாம இருப்பானா?

நேர்மையா சொல்லணும்னா இந்தியா பண்ணினது இந்திய நுகர்வோர் பக்கம் நின்னு பாத்தா வேலை செஞ்சுது, வெளில விலை மூணு மடங்கு ஆனப்போ உள்நாட்டுல அந்த ஆட்டம் இல்ல. 2009ல பொதுத் தேர்தல் வேற வரப் போகுது, எந்த அரசாங்கமா இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருக்கும். அதனால தான் இதை வில்லன் கதையா எழுத எனக்கு மனசு வரல. ஒவ்வொருத்தனும் தன் வீட்டுக்கு நல்லதைத் தான் பண்ணினான், அதோட பில் பக்கத்து வீட்டுக்குப் போச்சு.

சீனா ஜனவரில ஏற்றுமதி வரி போட்டுச்சு. வியட்நாம் புது ஏற்றுமதி ஒப்பந்தங்களை நிறுத்துச்சு, எகிப்து ஏப்ரல்ல இருந்து தடை, கம்போடியா தடை, பிரேசிலும் ஏப்ரல் கடைசில நிறுத்துச்சு. தாய்லாந்து மட்டும் கடைசி வரைக்கும் தடை போடல, அந்த வருஷம் 1 கோடி டன் கிட்ட ஏத்துமதி பண்ணாங்க. இதை யாரும் பெருசா பாராட்டின மாதிரி தெரியல. பாராட்டாததுக்கும் காரணம் இருக்கு, ஏப்ரல் கடைசில அவங்க பிரதமர் சமக் சுந்தரவேஜ், எண்ணெய் நாடுங்க மாதிரி அரிசி விக்கிற நாடுங்களும் சேந்து ஒரு கூட்டணி போடலாம்னு வாய்விட்டுட்டாரு. ஒரு வாரத்துல அந்தப் பேச்சை விட்டுட்டாங்க, ஆனா நெருப்பு எரியுற நேரத்துல பெட்ரோல் டின்னைக் கைல வெச்சுட்டு நின்ன மாதிரி தான்.

மணிலால ஒரு டெண்டர்

இப்போ வாங்குற பக்கம். அப்போ உலகத்துலயே அதிகமா அரிசி இறக்குமதி பண்ற நாடு பிலிப்பைன்ஸ். அங்க தேசிய உணவு ஆணையம்னு ஒரு அரசு அமைப்பு, இறக்குமதி கிட்டத்தட்ட முழுசா அவங்க கைல. அவங்க விலை கிலோ 18.25 பெசோ, வெளிச்சந்தைல 30 பெசோவுக்கும் மேல போயிருச்சு, அப்போ எவ்வளவு பெரிய வரிசை நின்னிருக்கும்னு யோசிச்சுக்கங்க. லாரில அரிசி போகும், பக்கத்துல துப்பாக்கியோட சிப்பாய் நிப்பான். ஹோட்டல்ல அரைச் சோறு பரிமாறுங்கன்னு விவசாய அமைச்சரே சொன்னாரு.

இத்தனைக்கும் பிலிப்பைன்ஸ்ல அந்த வருஷ விளைச்சல் மோசம் கிடையாது. பயம் தான். அதிபர் அரோயோ வியட்நாம் கிட்ட நேரடியா கேட்டு 15 லட்சம் டன் வரைக்கும் தர்றதா ஒரு ஒப்பந்தம் வாங்கிட்டாங்க, அப்படியும் டெண்டர் மேல டெண்டர்.

டெண்டர் எப்படி நடக்கும்னு கொஞ்சம் கிட்டப் போய் பாப்போம். எங்களுக்கு 5 லட்சம் டன் வேணும், இந்தத் தேதிக்குள்ள விலை எழுதிக் கொடுங்கன்னு முன்னாடியே அறிவிச்சுருவாங்க. சாதாரண காலத்துல இது நல்ல பழக்கம், ஒளிவுமறைவு இல்ல, போட்டில விலை குறையும். சந்தைல சரக்கு இல்லாத காலத்துல இதே பழக்கம் மடில பணத்தைக் கட்டிட்டு, அதை எல்லாருக்கும் தெரியுற மாதிரி வெளிய இழுத்துக் காட்டிட்டு மாட்டுச் சந்தைக்குள்ள போற மாதிரி. விக்கிறவனுக்கு உங்க தேவை எவ்வளவு, எந்த தேதிக்குள்ள, எவ்வளவு அவசரம்னு எல்லாமே தெரியும், உங்களுக்கு அவன் கிட்ட என்ன இருக்குன்னு தெரியாது. ஏப்ரல் 17ல கவரைப் பிரிச்சப்போ கேட்ட 5 லட்சத்துக்கு முழுசா விலை கூட வரல, வந்ததும் டன் 1,000 டாலருக்கு மேல. அது தான் அன்னைக்கு உலக விலையாச்சு, ஏன்னா பெரிய அளவுல பகிரங்கமா நடந்த வியாபாரம் அது ஒண்ணுதான். மே மாச ஆரம்பத்துல 6,75,000 டன்னுக்கு அடுத்த டெண்டர், ஒரே ஒருத்தர் தான் விலை கொடுத்தாரு, டெண்டரே தோத்துப் போச்சு.

அரிசியை வாங்கி குவிக்கிறதுல காட்டின அவசரத்துக்கு அப்புறம் வந்த பில்லையும் சொல்லிடுறேன். 2010ல புது அதிபரா வந்த பெனிக்னோ அக்கினோ தன்னோட முதல் தேசிய உரைலயே, குடோன்ல அரிசி அழுகுது, அந்த ஆணையத்துக்குக் கடன் 17,000 கோடி பெசோவுக்கு மேலன்னு போட்டு உடைச்சாரு. கடைசில 2019ல சட்டம் போட்டு இறக்குமதி உரிமையை அவங்க கிட்ட இருந்தே பிடுங்கி, யார் வேணா வரி கட்டி இறக்கலாம்னு ஆக்கிட்டாங்க.

அஞ்சு கிலோ கணக்கு

அரசாங்கங்க ஓடுறதைப் பாத்தா வீட்டுல இருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா. ஏப்ரல் கடைசில ஹோ சி மின் நகரத்துல ஒரு வார இறுதில கடைகள்ல அரிசி விலை ரெண்டு மடங்கு ஆச்சு. வியட்நாம், உலகத்துலயே ரெண்டாவது மூணாவது இடத்துல இருக்கிற ஏற்றுமதி நாடு, அதுவும் மீகாங் டெல்டா வாசல்ல இருக்கிற நகரம், அங்க அரிசிக்கு அடிதடி! அதே வாரம் அமெரிக்கால சாம்ஸ் கிளப் கடைகள்ல ஒரு ஆளுக்கு பெரிய மூட்டை நாலுக்கு மேல கிடையாதுன்னு போர்டு வெச்சாங்க.

இதுல ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஆசியால 50 கோடி குடும்பம், குடும்பத்துக்கு அஞ்சு கிலோ மட்டும் எக்ஸ்ட்ராவா வாங்கி வைக்கிறாங்கன்னு வெச்சுக்கங்க. தப்பே இல்ல, எங்க அம்மாவா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவாங்க. அது 25 லட்சம் டன். உலகம் முழுக்க ஒரு மாசத்துக்குக் கப்பல்ல போற அரிசியே அவ்வளவு தான்! யாரும் பேராசைப்படல, யாரும் குடோன் கட்டிப் பதுக்கல, அஞ்சு கிலோ பாத்திரத்துக்குள்ள போனதுல ஒரு மாச உலக வர்த்தகம் காணாமப் போயிடும். இதோட மில்லுக்காரர் கொஞ்சம் பிடிச்சு வைப்பாரு, நெல் போட்டவரும் அடுத்த வாரம் பாப்போம்னு நிப்பாரு. தாய்லாந்துல பழைய விலைக்கு முன்கூட்டியே வித்துட்டு, அப்புறம் மில்லுல சரக்கு எடுக்க முடியாம மாட்டிக்கிட்ட எக்ஸ்போர்ட்டருங்க நிறைய, விலை ஏறின காலத்துல அரிசி வியாபாரியே நஷ்டப்பட்டான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா நடந்துச்சு.

வில் மார்ட்டின், கிம் ஆண்டர்சன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாடி உக்காந்து பிரிச்சுப் பாத்தாங்க, 2006 முதல் 2008 வரைக்கும் ஏறின அரிசி விலைல சுமார் 45 சதவீதத்துக்கு எல்லைல அரசாங்கங்க போட்ட தடையும், இறக்குமதி நாடுங்க வரியைக் குறைச்சதும் தான் காரணம்னு. வரியைக் குறைச்சதுமான்னு கேட்டா, ஆமா அதுவும் தான். விக்கிறவன் கதவைச் சாத்துறான், வாங்குறவன் வரியைக் குறைச்சு இன்னும் வேகமா வாங்க வர்றான், ரெண்டும் சேந்து ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிக்கும், மிஞ்சுறது ஏறின விலை மட்டும். மேட்ச் பாக்கும்போது முன் வரிசை எந்திரிச்சா பின் வரிசையும் எந்திரிக்கும், கடைசில எல்லாரும் கால் வலிக்க நின்னுட்டு பாப்பாங்க, யாருக்கும் முன்னை விட நல்லா தெரியாது.

நின்னு பாக்கக் கூட முடியாதவங்களும் இருந்தாங்க. ஹைத்தில சாப்பாட்டு விலைக்காகத் தெருவுல கலவரம், ஏப்ரல் 12ல பிரதமர் ஜாக் எடுவார் அலெக்சிஸை செனட் பதவில இருந்து தூக்குச்சு. சாப்பிடுற அரிசில பெரும்பகுதி வெளில இருந்து வர்ற நாடு அது.

ஜப்பான் குடோன்

இங்க தான் கதை வேற பக்கம் திரும்புது. ஜப்பான் சொந்தமா போதுமான அரிசி விளைவிக்கிற நாடு, அதுக்கு மேல யாரோட அரிசியும் வேண்டாம்னு நினைக்கிற நாடு. ஆனா உலக வர்த்தக அமைப்போட ஒப்பந்தப்படி வருஷா வருஷம் சுமார் 7,70,000 டன் வெளிநாட்டு அரிசியை உள்ள விட்டே ஆகணும். வாங்குவாங்க, மக்கள் சாப்பிட மாட்டாங்க, அரசாங்கமே வாங்கி குடோன்ல அடுக்கி, கொஞ்சம் உணவு உதவின்னு அனுப்பி, கொஞ்சம் பன்னிக்கும் கோழிக்கும் தீவனமா கொடுத்துட்டு இருந்தாங்க. 2008ல அந்தக் குடோன்ல கிட்டத்தட்ட 15 லட்சம் டன் கிடந்துச்சு, அமெரிக்க அரிசி, தாய்லாந்து அரிசி, வியட்நாம் அரிசி. உலகமே அரிசிக்கு அடிச்சுக்கும்போது 15 லட்சம் டன் சும்மா தூங்குது.

ஏன் விக்கலன்னா, அமெரிக்கா கிட்ட வாங்கின அரிசியை அவங்க சம்மதம் இல்லாம வேற நாட்டுக்கு விக்க முடியாத நிலை. தங்களோட அரிசி ஜப்பான் தட்டுக்குப் போகணும்ங்கிறதுக்காகத் தான் ஜப்பான் சந்தையைத் திறக்கச் சொல்லி அமெரிக்கா சண்டையே போட்டுச்சு, அது வேற சந்தைல வந்து தங்களுக்கே போட்டியா நிக்கிறதுல அவங்களுக்கு என்ன லாபம்.

பீட்டர் டிம்மர்னு ஒரு பொருளாதார அறிஞர், டாம் ஸ்லேட்டன்னு அரிசி வர்த்தகத்தையே கரைச்சுக் குடிச்ச ஒரு ஆளு, ரெண்டு பேரும் மே மாசம் ஒரு சின்னக் குறிப்பு எழுதினாங்க, சாரம் இவ்வளவு தான்: அமெரிக்கா சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், ஜப்பான் குடோனைத் திறக்கட்டும், விலை விழும். அது வாஷிங்டன்ல நாடாளுமன்றக் குழு வரைக்கும் போச்சு, எங்களுக்கு ஆட்சேபனை இல்லைன்னு அமெரிக்கா சொன்னாங்க, பிலிப்பைன்ஸுக்கு 2 லட்சம் டன் விக்கத் தயார்னு ஜப்பான் பக்கம் பேச்சு வந்துச்சு, ஜூன் ஆரம்பத்துல ரோம்ல நடந்த உணவு மாநாட்டுல பிரதமர் ஃபுகுடா 3 லட்சம் டன் வரைக்கும் விடுறோம்னு அறிவிச்சாரு.

மே கடைசில இருந்தே விலை சரிய ஆரம்பிச்சுருச்சு. வருஷக் கடைசில 600 டாலருக்குக் கீழ. பதுக்கி வெச்சிருந்தவன் எல்லாம் இனி ஏறாதுன்னு தெரிஞ்சதும் சந்தைக்குக் கொண்டு வந்தான், வாங்கத் துடிச்சவன் பொறுத்துப் பாப்போம்னான். ஜப்பான் விக்கிறேன்னு சொன்ன அந்த அரிசி மணிலாவுக்குப் போய்ச் சேரவே இல்ல. தேவைப்படல.

ஜப்பான் மட்டுமே காரணம்னு சொன்னா அது கொஞ்சம் ஓவர். வியட்நாம் அறுவடை நல்லா வந்துச்சு, கம்போடியா தடையை எடுத்துச்சு, பிலிப்பைன்ஸ் டெண்டர் விடுறதை அடக்கிக்கிட்டாங்க. ஆனா ஒரு விஷயத்தை வெச்சுப் பாருங்க. மே 2, 3ல மியான்மரோட ஐராவதி டெல்டால நர்கிஸ் புயல் அடிச்சுது, 1,30,000 பேருக்கு மேல பலி, அந்த நாட்டோட நெற்களஞ்சியமே உப்புத் தண்ணில மூழ்குச்சு. இந்தக் கதைல நிஜமாவே வயல் அழிஞ்ச பெரிய சம்பவம் அது. அது நடந்து ஒரு மாசத்துக்குள்ள விலை இறங்குது! நெல்லு இல்லாததால ஏறின விலையா இருந்திருந்தா அது அன்னைக்கு 1,500க்குப் போயிருக்கணும்.

அந்த ஜப்பான் குடோன் அரிசியைப் பத்தி ஒரு கிளைக்கதை: அதுல பூச்சிமருந்து கலந்ததும் பூஞ்சை பிடிச்சதுமா இருந்த கொஞ்சத்தை பசை செய்யுற மாதிரி தொழிற்சாலை வேலைக்குன்னு அரசாங்கம் வித்திருந்துச்சு, வாங்கின ஒரு கம்பெனி அதை சாப்பாட்டு அரிசின்னு கைமாத்தி விட்டது 2008 செப்டம்பர்ல வெளிய வந்து விவசாய அமைச்சரே ராஜினாமா பண்ணினாரு.

விவசாயிக்கு என்ன கிடைச்சது

1,000 டாலர் விலைல நெல் போட்டவன் பணக்காரன் ஆகியிருக்கணுமே. தாய்லாந்துல ஏப்ரல், மே அறுவடைக்கு நெல் வெச்சிருந்தவங்களுக்குக் கிடைச்சுது, தடை இல்லாததால உலக விலை களத்து வரைக்கும் வந்துச்சு. வியட்நாம்ல பெரிய அறுவடை கைக்கு வர்ற நேரத்துல ஏற்றுமதி கேட்டைச் சாத்தி, விலை விழ ஆரம்பிச்ச அப்புறம் தான் திறந்தாங்க. இந்தியால தடைங்கிறது நடைமுறைல விவசாயி மேல போட்ட வரி மாதிரி, வெளில என்ன விலை போனாலும் உனக்கு ஆதார விலை தான். அதை ஏத்தினாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா வெளி விலைக்குப் பக்கத்துல கூட வரல, அந்தத் தடையும் 2011 செப்டம்பர் வரைக்கும் ஓடுச்சு.

அதை விடக் கொடுமை உரம். அரிசி ஏறின அதே நேரத்துல யூரியாவும் டிஏபியும் ஏறுச்சு, 2008 நடுவுல டிஏபி டன் 1,000 டாலருக்கு மேல. ஏறின விலைக்கு உரம் வாங்கிப் போட்டு வளத்த பயிர் அறுவடைக்கு வரும்போது அரிசி விலை பாதில நிக்குது. ஏறின விலை அடுத்த விதைப்புக்கு ஆசை காட்டுது, ஆனா அந்த விதைப்பு களத்துக்கு வர்ற வரைக்கும் அது காத்திருக்காது.

2008ஐ தப்பாப் படிச்ச நாடு தாய்லாந்து தான். 2011ல யிங்லக் அரசாங்கம் சந்தை விலையை விட ரொம்ப அதிகமா டன் நெல்லுக்கு 15,000 பாட் கொடுத்து வாங்கி குடோன்ல வெச்சாங்க, நாம விக்காம இருந்தா உலக விலை ஏறும், அப்போ விக்கலாம்னு. அதே 2011 செப்டம்பர்ல இந்தியா கதவைத் திறந்துருச்சு. விலை ஏறல, அரிசி குடோன்ல மக்குச்சு, 2012ல இந்தியா முதல் ஏற்றுமதி நாடா ஆயிருச்சு. பயத்தால ஏறின விலையை நிஜத் தட்டுப்பாட்டு விலைன்னு நம்பி போட்ட பந்தயம் அது.

2023 ஜூலை 20ல இந்தியா மறுபடியும் வெள்ளை அரிசிக்குத் தடை போட்டுச்சு, இப்போ உலக வர்த்தகத்துல இந்தியா மட்டுமே 40 சதவீதம் கிட்ட, விலை 15 வருஷ உச்சத்துக்குப் போச்சு, ஆனா 650 டாலரை ஒட்டி நின்னுருச்சு. தாய்லாந்தும் வியட்நாமும் கதவைச் சாத்தல, பிலிப்பைன்ஸ் உள்ளூர்ல விலைக்கு உச்சவரம்பு போட்டு ஒரு மாசத்துல எடுத்துட்டாங்க, யாரும் 5 லட்சம் டன் டெண்டரைத் தூக்கிக் காட்டல. 2024 செப்டம்பர்ல தடையும் போச்சு.

ஆனா ஜப்பான்? 2025ல அங்கயே அரிசி விலை ஒரு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆகி, 5 கிலோ பை 4,000 யென்னைத் தாண்டுச்சு. எனக்கு அரிசி வாங்கின பழக்கமே இல்ல, ஆதரவாளர்கள் கொடுத்துருவாங்கன்னு பேசின விவசாய அமைச்சர் மே மாசம் பதவியை விட்டாரு. அதுக்கு முன்னாடி மார்ச்லயே அரசாங்கம் கையிருப்பு அரிசியை ஏலத்துல விட்டிருந்துச்சு, விலை அசையல. ஏன்னா பெரும்பாலும் வாங்கினது விவசாயக் கூட்டுறவுங்க, கடைக்கு வந்து சேர மெதுவாச்சு, அதோட ஒரு வருஷத்துக்குள்ள அதே அளவைத் திரும்ப வாங்கிக்குவோம்னு ஒரு கண்டிஷன் வேற. திரும்ப எடுத்துக்கப் போற அரிசியைக் காட்டினா பிடிச்சு வெச்சிருக்கிறவன் எதுக்கு பயப்படணும்? புதுசா வந்த அமைச்சர் கொய்சுமி ஏலத்தை விட்டுட்டு சில்லறைக் கடைங்களுக்கு நேரா கொடுத்தாரு, 2021லயும் 2022லயும் விளைஞ்ச பழைய அரிசி, 5 கிலோ சுமார் 2,000 யென். மே கடைசில கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல வரிசை நின்னுச்சு.